சக்கரமுள்ள பீரங்கியும் சக்கரமில்லா வயலும்
(திருகோணமலையில் ஆற்றிய உரை)



பீரங்கி நம் திருமலைக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டையை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கைப்பற்றினர். பீரங்கிகளைக் கடலை நோக்கி நிறுத்தினர். அவை நிலைபெயராதவை. அவை இருக்குமிடத்தைப் பகைவனும் அறிவான், குடிகளும் அறிவர்.

இன்றோ பீரங்கி லொறியின் மீதேறிவிட்டது. பிரான்சு நாட்டின் ‘சீசர்’ பீரங்கி 155 மில்லிமீற்றர் குண்டை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் எறிய வல்லது. நின்று, சுட்டு, சில நிமிடங்களில் அகன்றுவிடும். அகல்வதேன்? எதிரியின் ராடார் குண்டு வந்த வழியை அளந்து, அது புறப்பட்ட இடத்தைக் கணித்துவிடுகிறது. ஓடாத பீரங்கி அழியும். 2022இல் மூண்ட உக்ரேன் போர் இதனை உலகுக்கு உணர்த்தியது. இலங்கை இராணுவமும் எட்டுச் சக்கர லொறியில் 40 குழல்களைத் தாங்கிய ‘ஆர்.எம். 70’ பல்குழல் எறிகணைச் செலுத்திகளை 2000இல் வாங்கியது.

பீரங்கி ஓடித் தப்பும். ஊர் எங்கே ஓடும்? வயலுக்குச் சக்கரம் உண்டா?

2006 ஆகஸ்டில் புலிகளின் எறிகணைகள் கொட்டியாரக் குடாவைக் கடந்து துறைமுகத்தில் விழுந்தன. அரச படைகளின் எறிகணைகள் மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் விழுந்தன. மூதூர் முஸ்லிம் மக்களும் சம்பூர்த் தமிழ் மக்களும் உடுத்த துணியோடு வெளியேறினர். செப்டெம்பர் 4இல் சம்பூர் அரச படையினர் வசமாயிற்று. அவ்வூர் மக்களிற் பலர் தம் மண்ணை மீண்டும் மிதிக்க 2015, 2016 வரை காத்திருந்தனர். சுட்டவர் எத்தரப்பாயினும், இழந்தவர் குடிமக்களே.

இதற்குச் சட்டத்தில் விடையில்லையா? உண்டு. 1995 மே மாதம் குரோவாசியத் தலைநகர் சாக்ரெப் மீது லொறியிலிருந்து ‘ஓர்க்கான்’ எறிகணைகள் ஏவப்பட்டன. ஏவக் கட்டளையிட்ட மிலான் மார்டிச்சுக்கு யூகோசிலாவியக் குற்றங்களை விசாரித்த சர்வதேச நீதிமன்றம் 2007இல் 35 ஆண்டுச் சிறை விதித்தது. அத்துணைத் தூரத்திலிருந்து குறி தவறாது அடிக்க இயலாத ஆயுதத்தை மக்கள் நெருங்கி வாழும் நகரின் மேல் ஏவுதல், மக்களையே தாக்குதலாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை இலங்கை 1959இல் ஏற்றது. குடிமக்களைக் கண்மூடித்தனமான தாக்குதலிலிருந்து காப்பதை விரித்துரைக்கும் 1977ஆம் ஆண்டின் மேலதிக உடன்படிக்கைகளை மட்டும் ஏற்கவில்லை. வாங்கிய பீரங்கிக்குச் சக்கரம் பூட்டியிருக்கிறது, கடிவாளம் பூட்டப்படவில்லை.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, சட்டம். அவ்வுடன்படிக்கைகளில் இலங்கை ஒப்பமிடட்டும். நாளை எக்கொடியின் கீழ் எவர் சுட்டாலும், சுட்ட கை சட்டத்துக்கு மறுமொழி கூறட்டும். இதனைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே கேட்க வேண்டும். விழும் குண்டு மொழி கேட்டு விழுவதில்லை.