கராஜில் கட்டிய விமானம்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது ஏதாவது ஒரு நோயைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எண்ணியிருந்தேன். செயலாளர் அக்கா தொலைபேசியில், "நீரிழிவைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் பேசுகினம். நீர் உம்முடைய பிளேனைப் பற்றிப் பேசும்" என்றார். ஆகவே இன்று பிளேன்.

நான் இங்கிலாந்தில் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியராக வேலை செய்கிறேன். 2011ஆம் ஆண்டு தொடங்கி 2019 வரை, எங்கள் வீட்டுக் கராஜில் இரண்டு பேர் இருந்து பறக்கக்கூடிய ஒரு சிறிய விமானத்தைக் கட்டினேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வான்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. அவர்கள் முழு விமானத்தை விற்பதைவிடப் பெட்டிகளையே அதிகம் விற்கிறார்கள். முதலில் வாலுக்கு ஒரு பெட்டி, பிறகு செட்டைகளுக்கு, பிறகு உடலுக்கு, கடைசியில் மிச்சம் மீதிக்கு. காசு சேரச் சேர ஒவ்வொன்றாக வாங்கலாம். இப்படி அவர்களுடைய பெட்டிகளிலிருந்து வீட்டில் கட்டப்பட்டுப் பறந்தவை உலகில் பத்தாயிரத்துக்கும் மேல். என்னுடையது ஆர்.வி.-9ஏ என்ற வகை. வெறுமையாக நிறுத்தால் ஏறத்தாழ 480 கிலோ. செட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எட்டரை மீற்றர். எங்கள் கராஜோ ஐந்து மீற்றர் நீளம். அதனால் எந்த நேரமும் விமானத்தின் ஏதாவது ஒரு பகுதி சாப்பாட்டு அறையில் இருந்தது. என் கணவரின் பொறுமையைப் பற்றி இங்கே நான் அதிகம் சொல்லவில்லை. அவர் இரண்டாவது வரிசையில் இருக்கிறார்.

இதைச் சட்டம் அனுமதிக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். அனுமதிக்கும். ஆனால் அரைவாசிக்கு மேற்பட்ட வேலையை, படிப்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, நீங்களே செய்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 1946இல் தொடங்கிய ஒரு சங்கம் இன்றைக்கு இலகு விமானச் சங்கம் என்ற பெயரில் இதை மேற்பார்வை செய்கிறது. அதன் பரிசோதகர் ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார். செட்டையை மூடும் முன் உள்ளே பார்த்துக் கையெழுத்து வைப்பார். அவர் வைக்காவிட்டால் மூட முடியாது.

இனி வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பான அலுமினியத் தகடுகள். அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது றிவெற் என்னும் சிறு ஆணிகளால். ஒரு துளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா? துளைக்க வேண்டும். துளையின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதை விட்டால் பல வருட அதிர்வில் அந்த இடத்திலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். பிறகு ஆணியின் தலை தகட்டோடு மட்டமாக இருக்கத் துளையின் ஓரத்தைக் குழிவாக அமுக்க வேண்டும். துருவெதிர்ப்பு மை பூச வேண்டும். தற்காலிகமாகப் பிடித்து வைக்க, கிளீக்கோ என்று ஒரு ஸ்பிரிங் ஊசி இருக்கிறது, அதைக் குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் றிவெற். அடித்த பின் மறுபக்கம் நசிந்த தலையின் அகலம் தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கும், உயரம் அரை மடங்கும் இருக்க வேண்டும். இப்படிப் பல ஆயிரம்.

கிளீக்கோ ஊசிகளை வரிசையாகக் குத்தி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்தார், எங்கள் தையல் ரீச்சர். குண்டூசி குத்தி, நூலோடி, பிறகு தைக்கச் சொன்னவர் அவர். கோணினால், "பிரி பிள்ளை. பிரிச்சுப்போட்டுத் திருப்பித் தை" என்பார். நான் ஒரு தலையணை உறையை ஏழு தரம் பிரித்தவள். பிழையாக அடித்த றிவெற்றையும் பிரிக்க வேண்டும். தலையை மெதுவாகத் துளைத்து, தண்டைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும், துளை பெருக்காமல். வைத்தியக் கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

றிவெற் அடிப்பது பெரும்பாலும் இரண்டு பேர் வேலை. ஒருவர் வெளியிலிருந்து காற்றுச் சுத்தியலால் அடிக்க, மற்றவர் உள்ளே ஒரு கனத்த இரும்புக் கட்டியை ஆணியின் பின்புறம் அசையாமல் பிடிக்க வேண்டும். கணவர் வேலைக்குப் போய்விடுவார். பிள்ளைகள் சிறிசுகள். மிஞ்சியது அம்மா.

அம்மா என்னோடு வந்து இருக்கத் தொடங்கியது 2012இல். கராஜைத் திறந்து காட்டியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "உனக்கென்ன விசரே?" என்பதுதான். அதற்குக் காரணம் இருந்தது. இங்கே இருக்கும் என் வயதுக்காரருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1990இல் நான் ஆண்டு ஆறில் இருந்தேன். சத்தத்தை வைத்தே என்ன வருகிறது என்று சொல்ல எங்களுக்குத் தெரியும். சியாமாசெட்டிக்கு ஒரு சத்தம், சகடைக்கு ஒன்று, பிறகு வந்த புக்காராவுக்கு இன்னொன்று. கணக்குப் பாடத்தின் நடுவில் எழும்பி வரிசையாகப் பதுங்குகுழிக்குப் போவோம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கணக்குச் செய்வோம். எங்கள் வீட்டுப் பங்கரை வெட்டியது அம்மா. அப்பா அப்போது கொழும்பில். தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, மழைக்குத் தண்ணீர் இறைத்து, எல்லாம் அம்மாதான். இங்கிலாந்துக்கு வந்த பிறகும், மேலால் ஒரு சிறிய விமானம் போனால் அவருடைய கை, செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிடும். அப்படிப்பட்டவரிடம் போய், "அம்மா, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று கேட்டேன்.

ஒரு கிழமை மாட்டேன் என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை, கராஜுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தவர், நான் ஒற்றைக் கையால் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "தா இங்கை, நான் பிடிக்கிறன், நீ அடி" என்றார். அம்மாவின் கை அசையாது. அன்றைக்கு 62 றிவெற் அடித்தோம், நான்குதான் பிழை. அதன் பிறகு இடது செட்டையின் பெரும்பகுதிக்குப் பின்னால் இருந்த கை அம்மாவுடையது. காது மூடியைப் போட்டுக்கொண்டு, "ம், அடுத்தது" என்பார். எட்டு வருடத்தில் நான் எழுதி வைத்த சீ.ஆர். கொப்பிகள் நான்கு. மொத்தம் 1,870 மணித்தியாலம். அம்மாவின் மணித்தியாலங்கள் அதில் சேரவில்லை.

உறவினர் சிலர், பொம்பிளைப்பிள்ளைக்கு உது ஏன் என்றும் கேட்டார்கள். அவர்களுக்கு நான் லிலியன் பிளாண்ட் என்ற பெண்ணின் கதையைச் சொல்வேன். 1910இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் அருகே தனக்கென்று ஒரு விமானத்தைத் தானே வடிவமைத்துக் கட்டி, தானே பறந்தவர். எஞ்சின் வந்துவிட்டது, பெற்றோல் தாங்கி இன்னும் வரவில்லை. பொறுமை இல்லாமல் ஒரு விஸ்கிப் போத்தலையும், காது கேளாத மாமியின் காதுக்குழலையும் வைத்துப் பெற்றோல் ஊற்றி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். இதை விட்டுவிட்டால் கார் வாங்கித் தருகிறேன் என்றார் தகப்பன். அவர் காரையும் வாங்கிக்கொண்டார். நான் அந்த அளவுக்குத் துணிச்சல்காரி இல்லை. என் பெற்றோல் தாங்கிக்கு இரண்டு நாள் பசை பூசி, அழுகிய முட்டை மணத்தோடு திரிந்து, பிறகு மகளின் பிறந்தநாள் பலூன் ஒன்றை வாயில் கட்டிக் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தேன். முதல் பறப்பையும் நான் செய்யவில்லை. அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் நின்றேன். பதினெட்டு நிமிடம். என் சொந்தப் பிள்ளை சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் போனபோதுகூட நான் அப்படி நின்றதில்லை.

கட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பராமரிப்பதுதான் முடியாத வேலை. ஒவ்வொரு வருடமும் முழுவதையும் திறந்து பார்த்து, பறந்து சோதித்து, அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் லைக்கமிங், நான்கு சிலிண்டர், 160 குதிரைவலு. ஒவ்வொரு 50 மணித்தியாலப் பறப்புக்கும் எண்ணெய் மாற்றுவேன். கழற்றிய வடிகட்டியை எறிவதில்லை. வெட்டிப் பிரித்து மடிப்பு மடிப்பாக விரித்து, உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். சிலிண்டருக்குள் சிறு கமரா விட்டு வால்வுகளைப் பார்ப்பேன். உள்நோக்கி விட்டுக் குடலைப் பார்க்கும் என் நண்பி, "உமக்கு ஏன் என்ரை வேலை?" என்று கேட்பாள். இந்த எஞ்சினுக்கு ஓடுவதைவிடச் சும்மா இருப்பதுதான் கெடுதல். அதன் கேம் தண்டு மேல்பக்கம் இருப்பதால், நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து, ஈரத்தில் துரு பிடிக்கும்.

இனி, சொல்ல வெட்கமான ஒன்று. 2021 வருடாந்தச் சோதனையின்போது வால் பக்கத்து ஏற்றிறக்கச் சுக்கானின் தள்ளுதண்டைக் கழற்றி மீண்டும் பூட்டிக்கொண்டிருந்தேன். நட்டை விரலால் முறுக்கிவிட்டேன். வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி. பேசிவிட்டு வந்து அடுத்த வேலையைத் தொடங்கினேன். கொப்பியில் "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். விமானத்தைக் கட்டுப்படுத்தும் பாகங்களைத் தொட்டால், செய்தவரைவிட இன்னொருவரும் தனியே பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. பரிசோதகர், எழுபது கடந்தவர், கைவிளக்கோடு வாலுக்குள் தலையை விட்டார். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, விரலால் அந்த நட்டைச் சுழற்றிக் காட்டினார். இறுக்கிய நட்டின் மேல் வைக்கும் நிறக்கோடு அதில் இல்லை. அடுத்த ஞாயிறு மகளை ஏற்றிக்கொண்டு பறப்பதாக இருந்தேன்.

மற்றவர்களுடைய உயிருக்காகத் தினமும் காலையில் மயக்க இயந்திரத்தைப் பட்டியல் வைத்துச் சோதிப்பவள் நான். அந்தப் பட்டியல்களுக்கே மூலம் விமானந்தான். 1935இல் அமெரிக்காவில் ஒரு புதிய போயிங் குண்டுவிமானம், சுக்கான் பூட்டைத் திறக்க மறந்ததால் விழுந்து நொறுங்கிய பிறகு வந்த பழக்கம் அது. எல்லாம் தெரிந்துதான் நான் மறந்தேன். இப்போது கராஜுக்குள் தொலைபேசி வருவதில்லை. யாராவது கூப்பிட்டு இடையில் எழும்ப வேண்டி வந்தால், செய்துகொண்டிருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு றிபனைக் கட்டிவிட்டுத்தான் எழும்புவேன். திரும்பி வந்து, மூன்று படி பின்னால் போய்த் தொடங்குவேன். றிபன் இங்கே எங்கள் இரட்டைப் பின்னலுக்குக் கட்டிய அதே அகலம்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் புல்வெளி ஓடுதளத்துக்கு ஒரு அழகான சிறு விமானம் வந்து இறங்கியது. வெள்ளையும் சிவப்பும், செட்டை முனைகளில் தாங்கிகள். கிட்டப் போனபோது என் கால் நின்றுவிட்டது. அது ஒரு மார்க்கெற்றி எஸ்.எஃப்.260. எங்கள் சியாமாசெட்டி. இத்தாலியில் ஸ்தேலியோ ஃப்ராத்தி என்பவர் வரைந்து, 1964இல் முதன்முதல் பறந்தது. பயிற்சிக்கும் இன்பப் பறப்புக்கும் என்று பிறந்த விமானம். சொந்தக்காரர் மிகவும் அன்பான மனிதர். ஏறி இருந்து பாருங்கள் என்றார். நான் ஏறவில்லை. ஆனால் அவர் தன் எஞ்சின் மூடியைத் திறந்தபோது போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்ததும் ஒரு லைக்கமிங், என்னுடையதைவிட இரண்டு சிலிண்டர் கூட. ஒரு எண்ணெய்க் குழாயின் பிடி தளர்ந்திருந்தது. சொன்னேன். நன்றி சொல்லி இறுக்கினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அதே சத்தமோ?" என்று மட்டும் கேட்டார்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. என் விமானத்தில் அவர் இன்னும் ஏறவில்லை. நான் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். ஓடுதளத்துக்கு மட்டும் வருவார். மடக்குக் கதிரை, தேத்தண்ணிப் போத்தல், மேலே ஒரு கம்பளிச் சால்வை. "நீ போட்டு வா, நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்" என்பார். போன மாதம் இறங்கி வந்தபோது, "இண்டைக்குச் சத்தம் கொஞ்சம் வித்தியாசம், பார்" என்றார். கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் புகைக்குழாய் மூட்டில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது.