சாதி வடுவும் மனமருத்துவமும்

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மன அமைதி தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கும் ஊர் இது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க 2023 ஜனவரி 30 அன்று பெரும் போலீஸ் படை தேவைப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் போலீஸ் காவலோடுதான் நுழைய முடிந்தது. நுழைந்ததைச் செய்தியாகப் படித்தோம். தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று எந்தச் செய்தியும் கேட்கவில்லை. உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான் அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மனக்காயத்துக்கு இன்று உலகெங்கும் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று இ.எம்.டி.ஆர். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சைன் ஷாபிரோ இதன் முதல் ஆய்வை 1989இல் வெளியிட்டார். பாதிக்கப்பட்டவர் அந்தக் கொடிய காட்சியையும், அது தன்னைப் பற்றித் தனக்குள் விதைத்த எண்ணத்தையும், உடம்பில் அது எங்கே கனக்கிறது என்பதையும் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போது சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமுமாக அசையும். கண்கள் அதைப் பின்தொடரும். சிறிது நேரம் கழித்து நிறுத்தி, "இப்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்பார்கள். இப்படிப் பலமுறை செய்யும்போது அந்த நினைவின் வேகம் தணிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைத்தது. நடந்ததை விலாவாரியாக வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. காவல் நிலையம், நீதிமன்றம், ஊடகம் என்று ஒரே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போன நம் மக்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனால் விபத்து, நிலநடுக்கம் போல ஒருமுறை நடந்து முடிந்த நிகழ்வுக்கு இந்த முறை எளிதாகப் பொருந்தும். சாதி ஒருமுறை நடந்து முடிவதில்லை. அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். 1901இல், சிறுவனாக, மசூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். இரவெல்லாம் குடிக்கத் தண்ணீரில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பியபின் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். 1934இல் தௌலதாபாத் கோட்டையில் குளத்து நீரைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் போட்டார்கள். பட்டம் வந்தது, பதவி வந்தது. காயம் மட்டும் இடம் மாறிக்கொண்டே கூட வந்தது. கே.ஏ. குணசேகரன் தன் வரலாற்றுக்கு 'வடு' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இப்படிப் பட்ட இடத்திலேயே பட்டு, தன்னைப் பற்றிய மதிப்பையும் பிறர்மீதான நம்பிக்கையையும் குலைக்கும் காயத்தை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஐ.சி.டி.-11, தனியாக வகைப்படுத்துகிறது. அதைச் சிக்கலான மனக்காயம் என்று சொல்லலாம். இதற்கு இ.எம்.டி.ஆரைப் பயன்படுத்தும்போது ஆயத்தக் கட்டத்தை நீட்டுகிறார்கள், நினைவைச் சிறு சிறு துண்டாக எடுக்கிறார்கள், உடம்பு இங்கேயும் மனம் எங்கேயோவும் போய்விடுகிறவரை அவ்வப்போது நிகழ்காலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சாதியைக் கணக்கில் எடுத்தால் இன்னும் சில மாற்றங்கள் வேண்டும் என்பது என் வாதம்.

முதலாவது, பாதுகாப்பு. "உங்களுக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்பது ஆயத்தக் கட்டத்தின் வழக்கமான பயிற்சி. டீக்கடை, குளம், கோயில், பேருந்து நிறுத்தம் எல்லாமே எச்சரிக்கையோடு கடந்த இடங்களாக இருப்பவர் எந்த இடத்தை நினைப்பார்? இடத்துக்குப் பதிலாகத் துணையாக நின்ற ஒரு மனிதரை, ஒரு குரலை நினைக்கச் சொல்லலாம். முகத்துக்கு நேரே ஆடும் விரல் மிரட்டலாகத் தெரிந்தால், தோளில் மாறி மாறித் தட்டிக்கொள்ளும் முறை இருக்கிறது. 1997 புயலுக்குப் பின் மெக்சிகோவில் குழந்தைகளுடன் வேலை செய்தவர்கள் உருவாக்கிய முறை அது. அதைக் குழுவாக உட்கார்ந்தும் செய்யலாம்.

இரண்டாவது, பொய் சொல்ல வைக்கக் கூடாது. "ஆபத்து முடிந்துவிட்டது, நான் பாதுகாப்பாக இருக்கிறேன்" என்பதில் சிகிச்சையை முடிப்பது வழக்கம். தாக்கியவர் ஜாமீனில் வந்து அடுத்த தெருவில் நிற்கும்போது அது உண்மையா? கடைசியில் ஊன்றும் எண்ணம் நடைமுறைக்குப் பொருந்த வேண்டும் என்பது இ.எம்.டி.ஆரின் சொந்த விதி. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற இடத்தில் "தப்பு என்னுடையதில்லை" என்பது ஊன்றினால் போதும். அடுத்த தெருவைப் பார்க்கும் எச்சரிக்கை நோயல்ல, அதைப் பிடுங்கக் கூடாது.

மூன்றாவது, சிகிச்சையாளர். "எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற சாதாரணக் கேள்விகூட நம் மண்ணில் சாதி விசாரணைதான். அந்தக் கேள்வியின் கனம் தெரியாதவர் வடுவைத் தொடக் கூடாது.

"சமூகக் குற்றத்தைத் தனிமனித நோயாக்குகிறீர்களே, அநீதிக்குப் பழகிக்கொள்ளச் சொல்கிறீர்களா?" என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான எச்சரிக்கை. ஆனால் தூக்கம் போனவரை, கூண்டில் ஏறினால் நாக்கு உலர்ந்துபோகும் சாட்சியை அப்படியே விட்டுவைப்பதால் எந்தப் போராட்டமும் வலுப்பெறாது. சிகிச்சை நீதிக்கு மாற்று ஆகாது. நீதி கிடைக்கும்வரை ஆள் உடையாமல் நிற்க உதவும்.

எனவே கோரிக்கையாகவே வைக்கிறேன். 2016 திருத்தம், வன்கொடுமை வழக்கில் குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை நிவாரணம் நிர்ணயித்தது. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் உள்ள உரிமைகளைச் சட்டத்தின் 15ஏ பிரிவு சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 18ஆம் பிரிவில், சாதிப் பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. இந்த மூன்றையும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு வன்கொடுமை வழக்கிலும் நிவாரணக் காசோலையோடு மனக்காயச் சிகிச்சையும் அரசுச் செலவில், தமிழில், சாதியைப் புரிந்தவர்களால் தரப்பட வேண்டும். அதற்கு மாவட்ட மருத்துவமனைகளில் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும். அந்த ஆட்களில் தலித் இளைஞர்களும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை மனு எழுதும்போது, கைது செய், நிவாரணம் கொடு என்பதோடு இந்த ஒரு வரியையும் சேருங்கள் தோழர்களே.