நான் போகாத ஒத்திகை

பர்மிங்ஹாமுக்கு வேலைக்குப் போன முதல் குளிர்காலம். சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிடும். வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல 'பை' சொன்னா, அடுத்து வாயைத் திறக்கிறது திங்கட்கிழமைதான்.

அப்போதான் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவுல சேர்ந்தேன். நடிக்கப் பயம். அதனால பிராம்ப்டர் வேலை: ஸ்கிரிப்டோட ஓரமா உட்கார்ந்து, வசனம் மறந்தவங்களுக்கு எடுத்துக் கொடுக்கணும்.

கிறிஸ்துமஸ் சமயத்துல அங்க 'பேன்டோ' போடுவாங்க. ஆம்பளை ஒருத்தர் பொம்பளை வேஷம் கட்டுவார், அவர் பேரு 'டேம்'. வில்லன் வந்தா ஜனங்களே "உன் பின்னாடி!"ன்னு கத்துவாங்க. செய்யாறு பக்கம் நான் பார்த்து வளர்ந்த தெருக்கூத்தும், ஜனங்களோட வாயாடுற கட்டியங்காரனும் ஞாபகத்துக்கு வந்தாங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல். ஒத்திகைக்குப் போகல, சொல்லவும் இல்ல. ராத்திரி கதவு தட்டுற சத்தம். எப்பவும் என்னைக் கார்ல வீட்டுல இறக்கிவிடுற எங்க 'டேம்', ரிட்டயர்டு பஸ் டிரைவர், கையில சூப்போட நிக்கிறார். "நீ இல்லாம மூணு இடத்துல முழிச்சேன்ப்பா"ன்னார்.

நான் வரலைன்னு அந்த ஊர்ல ஒருத்தர் தேடினது அதுதான் முதல் தடவை.

வெளிநாடு போறவங்க கேட்டா இதைத்தான் சொல்வேன்: வாராவாரம் நடக்குற, நீங்க வரலைன்னா நாலு பேர் திண்டாடுற ஒரு வேலைல சேருங்க. மேடை ஏறணும்னுகூட இல்ல.