மேய்க்கால் தரையை மீட்போம்!

(கீழ்பென்னாத்தூரில் விவசாயத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் பாதையில் ஏரிக்கரை, ஓடை, புறம்போக்கு எதைப் பார்த்தாலும் வேலிகாத்தான்தான். நிலமில்லாத நமக்கு ஒரு கறவை மாடும் நாலு ஆடும்தான் ஆஸ்தி. பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அதை விற்றுத்தான் பணம் புரட்டுகிறோம். அவை மேய்ந்த தரையை இந்த முள் விழுங்கிவிட்டது. பெரிய நிலக்காரருக்கு இதனால் நஷ்டமில்லை. அவர் மாட்டுக்கு அவர் கொல்லையிலேயே தீவனம் விளைகிறது.

இந்த முள் தானாக வந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்து மரம் இது. 1876-ல் சென்னை ராஜதானியின் வன அதிகாரி பெட்டோம் விதை கேட்டு எழுதினார். 1877-ல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த யோசனை போகவில்லை. குஜராத்தில் கட்ச் பகுதியில் பன்னி என்ற பெரும் புல்வெளி உண்டு. உப்புத் தரை பரவாமல் தடுக்கவென்று 1961-ல் வனத்துறையே அங்கே இதை விதைத்தது. இன்று அதன் பெரும்பகுதியில் புல்லுக்குப் பதில் முள். மேய்ச்சல்காரர்களான மால்தாரிகள் தங்கள் உரிமைக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வழக்காடினார்கள்.

எப்படிப் பரவுகிறது? நெற்று இனிக்கும், ஆடுமாடு விரும்பித் தின்னும். விதை குடலில் சாகாது. சாணத்தோடு விழுந்து எருவோடு முளைக்கிறது. நம் ஆடே நம் தரைக்கு முள் விதைக்கிறது! நெற்றைப் பொறுக்கி விதையோடு சேர்த்து மாவாக இடித்து, மற்றத் தீவனத்தோடு கலந்து அளவாகக் கொடுத்தால் விதை பாழாகும், தீவனமும் மிஞ்சும்.

மேலாக வெட்டினால் மரம் சாகாது. அடித்தூரிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தூரோடு தோண்டி எடுக்க வேண்டும்; மறு வருஷம் முளைக்கும் கன்றுகளையும் பிடுங்க வேண்டும். ஏலம் எடுக்கும் காண்டிராக்டர் இதைச் செய்வாரா? விறகை ஏற்றிக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போவார். மூன்று, நாலு வருஷத்தில் அவருக்கு மறுபடியும் விறகு! ஆகவே தூர் எடுப்பதையும் ஏல நிபந்தனையில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

முள் வெட்டியும் கரி சுட்டும் பிழைக்கும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் அடித்து மேய்ச்சல் தரை வேண்டாம். தோண்டும் வேலை அவர்களுக்கே, நியாயமான கூலியோடு கிடைக்க வேண்டும். மில் தோழர்களே, பல ஆலைகளின் கொதிகலனில் எரிவது இந்த விறகுதான். அதை வெட்டியவர் கையில் என்ன கூலி போய்ச் சேர்ந்தது என்று நீங்களும் கேளுங்கள்.

பார்த்தீனியம் பற்றி ஒரு வார்த்தை. 1950-களில் புனேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவியது. வடக்கே இதைக் 'காங்கிரஸ் புல்' என்கிறார்கள். பெயர் வைத்தது நாமல்ல! தொட்டால் அரிப்பு, பூந்தூள் பட்டால் இழுப்பு. பூப்பதற்கு முன், கையில் உறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பயிரில்லாத தரிசில் லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தாலும் கருகும்.

அன்னியக் களைகளை அகற்ற 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் கொள்கை வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் முள் போன இடத்தில் யார் கால் வைப்பது? சுத்தமான நிலத்துக்கு மறுநாளே வேலி போட ஆட்கள் காத்திருக்கிறார்கள். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி மக்களிடம் ஒப்படைக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதல் வேலை, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு எந்தச் சர்வே நம்பர், எத்தனை ஏக்கர் என்று பார்த்து எழுதி வாருங்கள். அளந்து கல் நடச் சொல்லி தாசில்தாரிடம் மகஜர் கொடுப்போம். தோண்டிய இடத்தில் அடுத்த மழைக்கே கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்து, புல் வேர் பிடிக்கும் வரை ஆட்டை உள்ளே விடாமல் முறை வைத்துக் காவல் இருப்போம். எந்தத் தெரு எந்த நாள் என்பதை இன்றைக்கே பேசி முடித்துக் கலைவோம், தோழர்களே!