ஸ்பானிய வினைச்சொல்லில் அசையும் அழுத்தமும்



சீரை அசையாகப் பிரிக்க முப்பதாண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். அந்தத் துணிவில், ஓய்வு பெற்றபின் கல்லூரியில் பயிலும் என் பேத்தியோடு ஸ்பானிய மொழி கற்க அமர்ந்தேன். சில உயிரெழுத்துகளின் தலையில் காணும் சிறு சாய்கோட்டை வெறும் அணியென்று எண்ணி, அதைப் பொருட்படுத்தாமல் படித்தேன். ‘அவர் கடிதத்தை முடித்தார்’ என்றிருந்த வாக்கியம் என் வாயில் ‘நான் கடிதத்தை முடிக்கிறேன்’ என்றாயிற்று! பேத்தி சிரித்தாள், நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

அந்தச் சொல் ‘தெர்மினோ’. தெர்–மி–னோ என மூன்று அசை. முதலசையை அழுத்தி ஒலித்தால் ‘முடிவு’. இடையசையை அழுத்தினால் ‘முடிக்கிறேன்’. ஈற்றசையை அழுத்தினால் ‘முடித்தார்’. நமக்குப் படம் வேறு, பாடம் வேறு. குறில் நெடில் செய்யும் வேலையை அங்கே அழுத்தம் செய்கிறது.

உயிரிலோ, ன், ஸ் என்னும் மெய்களிலோ முடியும் சொல்லுக்கு ஈற்றயலசையில் அழுத்தம். பிற மெய்களில் முடிந்தால் ஈற்றசையில். இவ்விதி மீறப்படும் இடத்தில் சாய்கோடு இடுவர். நீண்ட வினைகளில் இதன் பயன் தெரியும். ‘தெர்மினாப’ என்றால் ‘முடித்துக்கொண்டிருந்தேன்’. அழுத்தம் ஈற்றயலாகிய ‘னா’வில்; குறி வேண்டா. ‘மொஸ்’ என்னும் தன்மைப் பன்மை விகுதி சேர்ந்து ‘தெர்–மி–னா–ப–மொஸ்’ ஆனாலும் அழுத்தம் ‘னா’வை விட்டு நகர்வதில்லை. அது கடையிலிருந்து மூன்றாம் அசையாகிவிட்டதால் குறி வந்துவிடுகிறது.

வினையோடு பெயர்ப்பதிலிகள் ஒட்டும்போதும் அப்படியே. ‘தா–மெ–லோ’ என்றால் ‘அதை எனக்குத் தா’. தகரத்தைப் ‘பந்து’ என்பதிற்போல ஒலிக்க. நம் ‘தா’வோடு ஒத்திருப்பது தற்செயலே, அது இலத்தீன் வழி வந்தது. ஒட்டுகள் இரண்டும் பின்னே வந்தாலும் அழுத்தம் ‘தா’வின்மேலேயே நிற்கும்.

எனக்குக் கடினமாயிருந்தது உயிர்களை எண்ணுவது. ‘தி–சியெந்–தோ–செ–லோ’, அதாவது ‘அதை அவரிடம் சொல்லிக்கொண்டு’. எழுத்தில் ஆறு உயிர், அசையோ ஐந்து. அழுத்தமற்ற இகரம் அடுத்த எகரத்தோடு ஓரசையாய்க் கலந்துவிட்டது. ‘தெர்–மி–ன–ரி–அ–மொஸ்’, ‘முடிப்போமே’ என்னும் நிபந்தனைப் பொருளது. இதிலும் உயிர் ஆறு, அசையும் ஆறு. இங்கே அழுத்தம் இகரத்தின்மேல் விழுவதால் அது அகரத்தோடு கலவாமல் தனித்து நிற்கிறது. அந்த இகரத்தின் தலையில்தான் சாய்கோடு.

மேசையை ஆறு முறை தட்டி, நான்காம் தட்டை மட்டும் ஓங்கித் தட்டிச் சொல்லிப் பாருங்கள். என் பேத்தி எனக்கு அப்படித்தான் கற்பித்தாள்.