லொறி ஸ்டார்ட் ஆகவில்லையா? டீசல் வரும் வழியைப் பாருங்கள்

(தோட்ட இளைஞர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில், பல வருடம் லொறி வேலை பார்த்த ஒருவர் பேசியது)



லொறி ரிப்பேர் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "இது டிரைவர்மாருக்குத்தானே, நமக்கு என்னாத்துக்கு?" என்று பின்னால் ஒரு அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அக்கா, நீங்கள் கொழுந்தை எடுத்து, மடுவத்தில் நிறுத்துப் போட்ட பிறகு லொறி வராவிட்டால் என்ன ஆகும்? சாக்குக்குள் அமுங்கிக் கிடக்கிற கொழுந்து சூடேறிச் சிவந்து போகும். அதில் நல்ல தூள் வராது. ராத்திரியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தாலும், பல தோட்டங்களில் முதலில் ஓடிப் போய்க் கேட்பது லொறியைத்தான். ஆகவே இது எல்லாருடைய விஷயமும்தான்.

நான் லொறியில் கிளீனராக இருந்த காலத்தில் அப்படி ஒரு ராத்திரி வந்தது. நல்ல மழை. லயத்தில் ஒரு அக்காவுக்கு வலி. டிரைவர் அண்ணன் செல்ப் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் பெட்டரி செத்துப் போனது. பிறகு ஆட்கள் கூடி லொறியைப் பள்ளத்தில் தள்ளினோம். இஞ்சின் பிடிக்கவில்லை, பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. மண் திட்டில் மோதி நின்றதால் தப்பினோம். அந்த அக்காவை நாற்காலியில் வைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம்.

மறுநாள் டவுனிலிருந்து வந்த ஒரு பாஸ், "பம்ப் போச்சு" என்று ஒரே சொல்லாகச் சொல்லி, பம்பைக் கழற்றிக்கொண்டு போனார். ஒரு கிழமை கழித்துப் பெரிய பில்லோடு பம்ப் வந்தது. பூட்டினோம். லொறி அப்போதும் ஸ்டார்ட் ஆகவில்லை! கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் வந்து, டேங்க் பக்கமிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தார். ஃபீட் பம்பில் பைப்பைப் பூட்டுகிற இடத்தில் ஒரு செம்பு வொஷர் தேய்ந்து கிடந்தது. அந்த வழியாகக் காற்று போயிருக்கிறது. சில்லறைக் காசு வொஷர். ஆனால் அந்தப் பெரிய பில் மாதாமாதம் டிரைவர் அண்ணனின் சம்பளத்தில்தான் வெட்டப்பட்டது.

அன்றைக்கு நான் படித்த பாடம் ஒன்றுதான். ஊகத்தில் சாமான் மாற்றாதே. டீசல் வருகிற வழியில் நீயும் வரிசையாக நடந்து பார்.

அந்த வழி என்ன? பழைய டீசல் லொறி எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். டேங்கிலிருந்து பைப் வழியாக ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அங்கிருந்து பில்டர். பில்டரிலிருந்து பெரிய பம்ப். அது டீசலை அழுத்தி, இரும்புப் பைப்கள் வழியாக இஞ்செக்டருக்கு அனுப்புகிறது. இஞ்செக்டர் அதை இஞ்சினுக்குள் பூப்பூவாகத் தெளிக்கிறது. நம் லயத்துப் பீலித் தண்ணீர் மாதிரிதான். தண்ணீர் வராவிட்டால் பீலியையா உடைக்கிறோம்? மேலே ஊற்று வரைக்கும் ஏறிப் பார்க்கிறோம் அல்லவா?

முதலாவது, புகையைப் பாருங்கள். ஒருவர் செல்ப் அடிக்கட்டும், இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் அடிக்க வேண்டாம். அடித்தால் ஒரு நிமிடமாவது விட்டு அடியுங்கள். இஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் அது பெட்டரிக் குறை. டீசல் இஞ்சின் காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் எரிகிறது. வேகமாகச் சுற்றாவிட்டால் அந்தச் சூடு வராது. நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது ஹீட்டர், கம்பிரஷன் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

இரண்டாவது, டேங்க். மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம். சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். குப்பி லாம்பு, தீக்குச்சி கிட்டவே வரக்கூடாது. நம் ரோடுகள் ஏற்றம் இறக்கம். டீசல் குறைவாக இருக்கும்போது சரிவில் நிறுத்தினால், டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, பைப் வாய் காற்றை உறிஞ்சும். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே சில லொறிகள் ஸ்டார்ட் ஆகிவிடும்.

மூன்றாவது, இஞ்சினை நிறுத்துகிற கேபிள். அது முழுதாகத் திரும்பிப் போகாமல் சிக்கிக்கொண்டால், பம்ப் டீசல் விடாது. சில லொறிகளில் கேபிளுக்குப் பதிலாகக் கரண்டில் வேலை செய்யும் வால்வு இருக்கும். சாவியைத் திருப்பும்போது பம்பில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயரைப் பாருங்கள்.

நாலாவது, ஏர் எடுப்பது. பில்டர் மேலே இருக்கிற சின்னத் திருகை இளக்கிவிட்டு, ஃபீட் பம்பில் இருக்கும் கைப் பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். அதே மாதிரி பெரிய பம்பிலும் செய்யுங்கள். கைப் பம்ப் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு டீசலே வராவிட்டால், டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்கவில்லை என்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று புகுகிறது. அந்த இடத்தில் டீசல் சொட்டாது, ஏனென்றால் அது உறிஞ்சுகிற பக்கம். வெடித்த றப்பர் ஹோஸ், தளர்ந்த நட், தேய்ந்த வொஷர், இவைதான் கள்ளன்கள். சாயங்காலம் நன்றாக ஓடிய லொறி காலையில் மட்டும் அடம் பிடித்தால், ராத்திரி டீசல் திரும்ப டேங்குக்கு இறங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

ஐந்தாவது, தண்ணீர். பில்டர் அடியில் வடித்த டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். நம் ஊர்க் குளிரில், பாதி டேங்க் வெறுமையாகக் கிடந்தால் உள்ளே பனித்துளி மாதிரி நீர் பிடிக்கும். 2022 ஆம் ஆண்டு தட்டுப்பாட்டில் பலர் டீசலைக் கலன்களில் சேர்த்து வைத்தார்கள். வெளியே மழையில் கிடக்கும் பீப்பாயிலும் தண்ணீர் சேரும். அதனால் முடிந்தால் சாயங்காலமே டேங்கை நிரப்புங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, பெரிய பம்பு வரைக்கும் டீசல் நன்றாக வந்து, இஞ்செக்டர் பைப்புக்கு மட்டும் வரவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்கலாம். அதை நாமே பிரிக்க வேண்டாம். அது பம்ப் வேலை தெரிந்தவரின் வேலை. ஆனால் அவரிடம் போகும்போது, "இன்ன இன்ன இடம் வரைக்கும் பார்த்தாச்சு" என்று சொல்லிக் கொடுங்கள். அப்படிச் சொல்கிறவனை ஏமாற்றுவது சுலபமில்லை.

இனி நான் கும்பிட்டுக் கேட்பது சில. டீசலை வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள். நெஞ்சுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இஞ்செக்டர் தெளிக்கும் இடத்தில் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் லொறி டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு. தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவு காயம்தானே என்று இருந்துவிடாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இஞ்சின் காற்று உறிஞ்சும் வாயில் பெட்ரோல் ஊற்றுவது, பந்தம் கொளுத்திப் பிடிப்பது வேண்டாம். பள்ளத்தில் தள்ளவும் வேண்டாம். இஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்குப் பலம் கிடைக்காது.

ராத்திரியில் நோயாளி காத்திருந்தால், லொறியோடு மல்லுக்கட்டி நேரத்தைப் போக்க வேண்டாம். 2016 இல் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை லயத்துக் கதவுகளில் எழுதி வையுங்கள். முதலில் அதற்கு அடியுங்கள், பிறகு லொறியைப் பாருங்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, தங்கச்சிகளும் இதைப் படிக்கலாம். ஒரு ஸ்பேனர், ஒரு கண்ணாடிப் போத்தல், நாலு செம்பு வொஷர், சுத்தமான துணி, இவ்வளவும் ஒரு டப்பாவில் போட்டு லொறியில் வையுங்கள். எங்கள் டிரைவர் அண்ணனுக்கு அன்றைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். நீங்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.