வலி மாத்திரையும் மற்ற மாத்திரைகளும்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். எழுபதைத் தாண்டியவனாதலால் காலையில் நான்கு மாத்திரை, இரவில் இரண்டு. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். பி.பி.க்கு ஒரு டாக்டர், இருதயத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு வேறொருவர். ஒரே விஷயத்துக்கு மூன்று செக்‌ஷனில் மூன்று ஃபைல் ஓடுவது போலத்தான் இது. ஒரு ஃபைலின் நோட்டிங் அடுத்த ஃபைலுக்குத் தெரியாது.

1971-ல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடம்பில் ப்ராஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியையும் வீக்கத்தையும் அதிகப்படுத்தும் இதே ப்ராஸ்டகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போகவும் உதவுகிறது. மாத்திரைக்கு முழங்கால் எது, வயிறு எது என்ற பேதம் தெரியாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் எல்லாம் இந்த வர்க்கம்தான்.

முக்கியமாக மூன்று சேர்க்கைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பி.பி. மாத்திரை. டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்றவற்றோடு, நீர் பிரிவதற்கான மருந்தும் பலருக்கு உண்டு. பெயரின் கடைசியில் ‘எச்’ என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. எங்கள் காலனி நண்பர் ஒருவர் யாத்திரை போய் வந்த கால்வலிக்கு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பத்து நாள் சாப்பிட்டார். நடுவில் வயிற்றுப்போக்கு வேறு. கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, க்ரியாட்டினின் ஏறிவிட்டது. சமயத்தில் கண்டுபிடித்து நிறுத்தியதால் தப்பினார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

இரண்டாவது, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து. வார்ஃபரின், அசிட்ரோம், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் வலி மாத்திரை சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் அதிகம். மலம் கறுப்பாகப் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இருதயத்துக்காகச் சிறிய அளவில் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டு போய் ஆஸ்பிரினின் இடத்தில் உட்கார்ந்துவிட்டால், ஆஸ்பிரினின் பாதுகாப்பு குறைந்துவிடும். அமெரிக்க மருந்துத் துறையே 2006-ல் இதை எச்சரித்தது.

மூன்றாவது, ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் டைலனால், அட்வில் டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். டைலனாலின் மேல் அசிட்டமினோஃபென் என்று போட்டிருக்கும். அது நம் க்ரோசின், டோலோவில் இருக்கும் பாரசிட்டமாலேதான்! அட்வில் என்பது ஐபுப்ரோஃபென். காம்பிஃப்ளாமில் இரண்டும் இருக்கின்றன. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் உண்டு. நம் வயதில் பாரசிட்டமால்தான் பொதுவாக முதலில் பார்க்க வேண்டிய வலி மருந்து. ஆனாலும் பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. டாக்டரைக் கேட்டு அளவை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பி.பி. மாத்திரையையோ இருதய மாத்திரையையோ தாமாக நிறுத்திவிட வேண்டாம். அது இன்னும் ஆபத்து. செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லா ஃபைலையும் ஒரே ஃபைலாக்குங்கள். ஒரு முழுத் தாளில், சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் பிராண்டு பெயரோடு உள்ளிருக்கும் மருந்தின் பெயர், அளவு, வேளை போட்டு எழுதுங்கள். ஆயுர்வேத லேகியம், ஹோமியோபதி, தைலம்கூட விடுபடக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் நீட்டி, “இதோடு இது சேருமா?” என்று கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பிலும் காட்டுங்கள். மருந்தினால் ஏதாவது பாதிப்பு ஏற்பட்டால், டாக்டரைப் பார்த்தபின், இந்திய ஃபார்மகோபியா கமிஷனின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தாவும் பாட்டியுமாக மருந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பேரன் பேத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள். நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.